பொட்டு வைத்த சாட்சி

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது மணம். சந்தனம், சூடம், பழுத்த வாழைப்பழம். பழைய இரும்பும் டிரான்ஸ்பார்மர் எண்ணெயும் நாற வேண்டிய அறை அது.

சிதம்பரம் பக்கம் ஒரு மின்சார அலுவலகத்தின் பின்கட்டில் இருந்த ஸ்டோர். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் வெளிச்சம் வாசல்படியோடு நின்றுவிடும்.

உள்ளே மேஜையின் மேல் வாழையிலை விரித்து, அதன் மேல் ஒரு சுவிட்சைப் படுக்க வைத்திருந்தார்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் இல்லை. மின்கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பது. கீழே உள்ள கைப்பிடியை இறக்கினால், மேலே மூன்று கத்திகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஏபி சுவிட்ச் என்பார்கள்.

துலக்கிய குத்துவிளக்கு மாதிரி அது மின்னியது. மூன்று கத்திகளின் நுனியிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவே குங்குமம். குறுக்கே சாமந்தி மாலை. ஆள் படுத்திருப்பது போலவே இருந்தது.

சில வாரங்களுக்கு முன் நான் துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்து ஒப்படைத்த தடயம் அது. ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பதற்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி.

ஸ்டோர் பொறுப்பாளர் கலியபெருமாள் என் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"கும்புட்டுக்குங்க சார்" என்றார்.

சுத்தம் செய்யும் வியாதி

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் கடலூரில் மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மின்சாரம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம். அந்த மின்சாரம் தாக்கி யாராவது செத்தால் வந்து பார்த்து, ஏன் செத்தார் என்று எழுதுகிறவன் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது ரகம். அப்போது எழுதியதை யாரும் படிக்கவில்லை. இப்போது எழுதுவதற்குப் பக்கத்தில் படம் வரைகிறார்கள்.

விபத்து நடந்தால் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. தெரிவித்தார்கள். வருகிறவன் பார்ப்பதற்கு ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

குமராட்சிப் பக்கம் ஒருமுறை. வயலில் கம்பி அறுந்து விழுந்து ஒரு ஜோடி மாடு செத்துவிட்டது என்று தகவல். ஜீப் வழக்கம்போல் ஒர்க்‌ஷாப்பில். மினி பஸ் பிடித்து, வரப்பில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

தலைக்கு மேலே கம்பி அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மெல்ல இரைந்தது.

"எந்த இடத்துல அறுந்தது?" என்று கேட்டேன்.

கூட வந்த ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். "எது சார்?"

அறுந்த முனை எங்கே? காயலான் கடைக்குப் போய்விட்டது. கம்பியைத் தாங்கி உடைந்த பீங்கான்? வாய்க்காலில். மாடுகள்? புதைத்தாயிற்று. நிலத்துக்காரர் வயலையும் விட்டுவைக்கவில்லை. நாற்று நசுங்கிய இடத்தில் புது நாற்றைப் பிடுங்கி நட்டிருந்தார்.

தப்பான ஊருக்கு வந்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. திரும்பும்போது வரப்பின் மேட்டிலிருந்து ஒருமுறை பார்த்தேன். வயலின் நடுவில், புதிதாக நட்ட நாற்று மட்டும் வேறு பச்சையாக இருந்தது. இரண்டு மாடுகள் படுத்திருக்கும் அளவுக்கு, இரண்டு மாடுகள் படுத்திருக்கும் வடிவத்தில்.

அதை அறிக்கையில் எழுதினேன். "பச்சை நிறத்தை எப்படி ஆதாரமாக இணைப்பது?" என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஊழியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. புயல் அடித்துக் கம்பங்கள் மொத்தமாகச் சாய்ந்த நாட்களில், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கம்பி இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய், 'கொஞ்சம் பொறுங்கள், இந்தக் கம்பம் ஏன் விழுந்தது என்று பார்க்கலாம்' என்று சொல்ல எனக்கும் வாய் வராது. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் நடந்தால் ஆளாளுக்கு என்னைப் பிடித்துக் கேட்பது ஒரே கேள்வி. "கரண்ட் எப்ப சார் வரும்?" ஏன் போனது என்று இன்றுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ரயில் தடம் புரண்டால் சக்கரத்தைத் தொட விடமாட்டார்கள். கொலை நடந்தால் சுற்றிலும் கோடு போடுவார்கள். கரண்ட் அடித்துச் செத்தால் மட்டும், மாலைக்குள் எல்லாம் புத்தம் புதிதாகிவிடும். செத்தவர்தான் பழையபடி ஆவதில்லை.

சத்தம் இல்லாத ஊர்

அதனால், பிச்சாவரம் காயலை ஒட்டிய நடுத்திட்டு என்ற மீனவர் குப்பத்தில் தேசிங்கு என்ற லைன்மேன் கம்பத்திலேயே இறந்துபோன செய்தி வந்தபோது, நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. செய்தியே நாலைந்து நாள் கழித்துத்தான் என் மேஜைக்கு வந்தது. கூடவே மின்சார அலுவலகத்தின் முதல் அறிக்கையும் வந்தது. 'இறந்தவரின் கவனக்குறைவே காரணம். சுவிட்சைத் திறக்காமல் கம்பத்தில் ஏறியுள்ளார்.' இரண்டே வாக்கியம். செத்தவர்களைப் பற்றி அவர்கள் எப்போதும் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள்.

ஊருக்குள் நுழைந்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

பிறகு புரிந்தது. சத்தமே இல்லை. மிக்சி ஓடவில்லை, டிவி பேசவில்லை, மோட்டார் இரையவில்லை. வீடு வீடாகக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மின்விசிறிகள் அசையாமல் தொங்கின. காயலில் தண்ணீர் வற்றிய நேரம். சேற்றுக்குள்ளிருந்து நண்டுகள் விடும் டிக், டிக் என்ற ஓசை மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் கேட்டது. யாரோ எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போல.

கம்பங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தால், தரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மீன்கூடைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கோழியைக் கவிழ்த்து வைப்பது போல. ஒவ்வொரு கூடையின் மேலும் ஒரு கல். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை.

ஒருவர் எழுந்து வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி மடிப்புக் கலையாத புடவை.

"நீங்கதான் ஆய்வாளரா?"

"ஆமாம்மா."

"அடையாள அட்டைய காட்டுங்க."

என் பணிக்காலம் முழுவதிலும் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். காட்டினேன். படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல முடி ஜாஸ்தியா இருக்கு."

"அது சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல எடுத்ததும்மா."

"சரி, வாங்க. எதையும் தொடாதீங்க. கூடையத் தூக்கிப் பாத்துட்டு அப்புடியே கவுத்துடுங்க."

அஞ்சலை டீச்சர். தேசிங்கின் அக்கா.

முதல் கூடைக்கு அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கம்பத்தைப் பார்த்தபடி, கோயில் வாசலில் விடுவது போல ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில். ஏறுவதற்கு முன் கழற்றி வைத்தது. சுற்றிலும் பனி ஈரம் இருந்தது. செருப்பின் மேல் இல்லை. கூடையை எடுத்தபோது, சற்று முன்புதான் யாரோ கழற்றிவிட்டு மேலே போயிருப்பது போல இருந்தது. என்னை அறியாமல் நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

இன்னொரு கூடையில் அவர் கையிலிருந்து விழுந்த குறடு. கடைசிக் கூடைக்கு அடியில் மண் மட்டும்தான். "இது என்ன?" என்றேன்.

"அவன இறக்கிப் படுக்க வச்ச எடம்" என்றார் அஞ்சலை டீச்சர். "இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியலாம், இல்ல? அதான் மூடி வச்சேன்."

புது சுவிட்சோடு லாரி வந்திருக்கிறது. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடனே கரண்ட் கொடுக்கத் தயாராக வந்திருக்கிறார்கள். ஊர் விடவில்லை.

"வாத்தியாரம்மா சொன்னா சொன்னதுதான் சார்" என்று உட்கார்ந்திருந்த ஒரு பெண் குரல் கொடுத்தார். "ஐஸ் பெட்டி மீனு பூரா நாறிப் போச்சி. அது கூட பரவால்ல. எங்க வூட்டுக்காரரு டிவி இல்லாம நாலு நாளா எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அதத்தான் தாங்க முடியல."

"அவுரு தாங்குறாரே, அதச் சொல்லு" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு எழுந்து, கம்பத்தின் மேல் பார்வை போனதும் நின்றது.

அஞ்சலை டீச்சர் சிரிக்கவில்லை. "அப்பாவக் கடல் எடுத்துக்கிச்சி சார். அவனுக்குக் கடலே வேணாம்னு ஐடிஐல சேத்து வுட்டது நானு. கம்பத்துல ஏறுனா மூழ்க மாட்டான் பாருங்க. இப்ப கவனக்குறைவுன்னு எழுதிட்டாங்க. இன்னும் பத்து நாள் போனா தண்ணி போட்டுட்டு ஏறுனான்னு பேசுவாங்க. அவன் புள்ளைக்கு இப்பத்தான் நடக்க வருது. நாளைக்கு அது வந்து, எங்கப்பன் குடிச்சிட்டா செத்தான்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

மூன்றில் ஒன்று

அஞ்சலை டீச்சருடைய கணவர் ஏழுமலை, படகுக்காரர். நடந்ததைப் பார்த்தவர் அவர்தான்.

"மச்சான் கைப்பிடிய இறக்குனதை நான் பாத்தேன் சார். இறக்கிப் பூட்டுப் போட்டான். பூட்டிட்டுத்தான் பக்கத்துக் கம்பத்துல ஏறுனான். பெல்ட்டு கூட மாட்டியிருந்தான். அப்புறம்..." என்று நிறுத்தி, காயலைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "ஓடியாந்து மேல பாத்தா, மூணு கத்தியில ரெண்டுதான் தொறந்திருக்கு. ஒண்ணு வாயத் தொறக்கல. கெட்டியாக் கடிச்சிக்கிட்டு நிக்குது."

"இப்ப மூணும் திறந்துதானே இருக்கு?"

"ஆபீஸ் ஆளுங்க வந்து, மொத்தமா ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, அவன இறக்குறதுக்கு மின்ன மூங்கி கழியால ஒரு தட்டு தட்டுனாங்க. டக்குனு ஒரு சத்தம். அப்பத்தான் தொறந்துச்சி."

தட்டிய ஆளுக்கு எதுவும் நினைவில்லை. ஏழுமலை சொந்தக்காரர், அதனால் அவர் சாட்சி செல்லாது. மின்சார அலுவலகத்தின் வாதம் எளிமையானது. கத்தி மூன்றும் விபத்துக்குப் பிறகு யாரோ திறந்தது. பூட்டும் பிறகு போட்டது. தேசிங்கு எதையும் திறக்கவில்லை.

ஆகவே எல்லாம் அந்த ஒரு கத்தியில்தான் இருந்தது. சூடேறி உருகி ஒட்டிக்கொண்ட உலோகத்தைப் பிய்த்தால், பிய்த்த இடம் வாயைத் திறந்து சொல்லிவிடும். கரி படிந்திருக்கும், பொடிக்குழிகள் விழுந்திருக்கும். மற்ற இரண்டு கத்திகளில் அது இருக்காது. தேசிங்கு கைப்பிடியை இறக்கினார், ஒரு கத்தி மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பதற்கு அதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

என் முன்னால் சுவிட்சை இறக்கச் சொன்னேன். கீழே வந்ததும் பார்த்தேன். மூன்றாவது கத்தியின் நுனி கறுத்து, கடித்துத் துப்பியது போல இருந்தது. பொருளே கையில் இருக்கும்போது படம் எதற்கு என்று எடுக்கவில்லை. நுனியைத் தொடாமல் துணியில் சுற்றி, கட்டி, அரக்கு வைத்தேன்.

பகல் சாயும் முன்பே புது சுவிட்ச் ஏறியது. கரண்ட் வந்தது. ஊர் முழுக்க மின்விசிறிகள் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கின. எங்கேயோ ஒரு டிவி, பாதி வாக்கியத்திலிருந்து பேச ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. கூடைகளைக் கழுவப் பெண்கள் காயல் பக்கம் போனார்கள். அஞ்சலை டீச்சர் வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை.

"பியூஸ் போயிருக்குமோ?" என்று கேட்டேன்.

"இல்ல சார்" என்றார் ஏழுமலை. "அவ போடல."

திரும்பும் வழியில் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். கம்பத்தில் ஏறும் முன் கம்பியைத் தரையோடு இணைக்க ஒரு நீண்ட கோல் உண்டு, எர்த் ராடு. தப்பித் தவறி மின்சாரம் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். தேசிங்கு அதைப் போடவில்லை என்பது அவர்மேல் சொல்லப்பட்ட இன்னொரு குற்றம்.

கோல் பத்திரமாக அலுவலக மூலையில் நின்றுகொண்டிருந்தது. கை பிடிக்கும் இடத்தில் போன வருஷத்து ஆயுத பூஜைப் பொட்டு, ஓரம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது. ஒரு வருஷமாக எந்தக் கையும் அதைத் தொட்டதில்லை; யாருக்கும் அதைக் கொடுத்தனுப்பியதே இல்லை. போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் கண்ட மிக நேர்மையான சான்றிதழ் அந்தப் பொட்டுதான். இன்னொரு பொட்டு இப்படிப் பழிவாங்கும் என்று அப்போது தெரியாது.

ஆயுத பூஜை

முத்திரை வைத்த தடயத்தை எங்கே வைப்பது? என் அலுவலகம் ஒற்றை அறை, ஒரு பீரோ. நடைமுறைப்படி, பொருள் யாருடையதோ அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அதாவது, யார்மேல் சந்தேகமோ அவர் வீட்டு அலமாரியிலேயே சாட்சியை வைத்துப் பூட்டிச் சாவியையும் அவரிடமே கொடுக்கும் ஏற்பாடு. நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒப்படைத்தேன்.

சோதனைக்கு அனுப்ப அதை எடுக்கப் போன நாளில்தான் வாழையிலை, சாமந்தி, சூடம்.

"என்னய்யா இது?"

"பூஜை சார். முந்தாநேத்து" என்றார் கலியபெருமாள்.

"இது ஆயுதமா?"

"கம்பத்துல வேல செஞ்ச சாமான்தான சார். ஸ்டோர்ல இருக்கற எல்லாத்தையும் தொடச்சிப் பொட்டு வைங்கன்னு சொன்னாங்க. மத்ததுக்கெல்லாம் தண்ணி தெளிச்சதோட சரி. இதுக்கு மட்டும் நானே உக்காந்து..."

"உட்கார்ந்து?"

"புளி போட்டுத் தேச்சேன். கரி போவல. அப்புறம் உப்புத்தாளு வாங்கியாந்து..."

நான் சுற்றிக் கொடுத்த துணியைத் தேடினேன்.

"முத்திரை?"

அவர் முகம் மலர்ந்தது. அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு வைத்து, என் அரக்கு முத்திரை. "ஒடையாம எடுத்துட்டேன் சார். துணியையும் தொவச்சிக் காயப் போட்டிருக்கேன். நீங்க மறுபடி சுத்திக்கலாம்."

சொன்னது யார் என்று கேட்டேன். பொறியாளர் பொதுவாகச் சொன்னாராம், எல்லா வருஷமும் சொல்வதுதான். அவர் இந்தச் சுவிட்சை நினைத்துச் சொன்னாரா, நினைக்காமல் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கலியபெருமாளைப் பற்றித் தெரியும். அவரும் தேசிங்கும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள்.

"சாவு பட்ட சாமான் சார்" என்றார் மெதுவாக. "பூட்டுன ரூமுல அது தனியாக் கெடக்கு. நான் வெளிய உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா உள்ள டக்குனு ஒரு சத்தம் கேக்கும். தெறந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. அவன் கடைசியா சொல்லிப் பாத்தது இதுக்கிட்டதான. பொட்டு வைக்காம எப்புடி வுடுறது?"

இரும்பு வெயிலில் விரியும், நிழலில் சுருங்கும், சத்தம் வரும். அதை விளக்க வாயெடுத்தேன். அந்த அறையில் வெயில் விழுவதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேசாமல் மாலையை எடுத்து வைத்துவிட்டு, சுவிட்சை அப்படியே, பொட்டோடு, புதுத் துணியில் சுற்றினேன். இனி யாரும் எதையும் துடைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

கைக்குட்டை

விசாரணை கடலூரில் நடந்தது. நீளமான மேஜை. ஒரு பக்கம் மின்சார அலுவலகத்துப் பொறியாளர், எதிரே அஞ்சலை டீச்சரும் ஏழுமலையும். நடுவில் விசாரணை அதிகாரி. பொறுமையான மனிதர், கொஞ்சம் தூங்கி வழியும் ரகம்.

துணியைப் பிரித்ததும் அவர் தூக்கம் கலைந்தது. "இதென்ன, சாமி புறப்பாடா?"

பொறியாளருக்கு அன்றைக்கு நல்ல நாள். "சார், முத்திரை உடைந்துவிட்டது. கழுவித் தேய்த்திருக்கிறார்கள். இதைத் தடயமாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் ஊழியர் தெரியாமல் செய்துவிட்டார், வருந்துகிறோம். ஒரு கத்தியில் பொடிக்குழிகள் தெரியலாம். அது உப்புக் காற்று. கடலோரத்தில் எல்லாக் கத்தியிலும் இருப்பதுதான்."

அஞ்சலை டீச்சர் என்னைப் பார்த்தார். ஊரையே நாலைந்து நாள் கரண்ட் இல்லாமல் உட்கார வைத்துக் காப்பாற்றிக் கொடுத்ததை, நாங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்திருந்தோம். அந்தப் பார்வைக்கு என்னிடம் விதி எண் எதுவும் இல்லை.

"எல்லாக் கத்தியிலும் இருக்கும் என்கிறார்" என்றேன் அதிகாரியிடம். "அப்படியானால் துடைத்துப் பார்த்துவிடுங்கள். மூன்றையும். நீங்களே."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டே சுற்றி நின்றது. பொறியாளர் பழக்கதோஷத்தில் போனை எடுத்தார். "இருக்கட்டும்" என்றார் அதிகாரி. நடுத்திட்டில் கேட்ட அதே அமைதி. ஜன்னல் வெளிச்சத்துக்கு மேஜையை நகர்த்தினோம்.

அவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். முதல் கத்தியின் நுனியில் காய்ந்திருந்த பொட்டைத் துடைத்தார். உதிர்ந்தது. உலோகம் பளிச்சென்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. தடவிப் பார்த்தார், வழுவழுப்பு.

மூன்றாவதைத் துடைத்தார். மேலே இருந்தது வந்துவிட்டது. உள்ளே இருந்தது வரவில்லை. நுனி முழுக்கச் சின்னச் சின்னதாக, ஆழமாக, சிவப்பு நின்றது. சந்தனமும் குங்குமமும் குழிகளுக்குள் இறங்கிக் காய்ந்திருந்தன. உப்புத்தாள் எட்டாத ஆழம்.

கைக்குட்டையை மடித்து மறுபடி துடைத்தார். துணி சிவந்தது, நுனியும் சிவப்பாகவே இருந்தது. எச்சில் தொட்டு, அழுத்தித் துடைத்தார். மேலும் சிவந்தது. இப்போது சிவப்பு ஈரமாகிக் கத்தியின் ஓரத்தில் கசிந்து இறங்கியது. அவர் நிறுத்த வேண்டியதுதான், ஆனால் ஏனோ நிறுத்த முடியாதவர் போலத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வுடுங்க சார்" என்றார் அஞ்சலை டீச்சர். "வலிக்கப் போவுது."

அதிகாரி கையை எடுத்துவிட்டார். கைக்குட்டையை மேஜைமேல் வைத்தார், மறுபடி பைக்குள் வைக்கவில்லை. பொறியாளரைப் பார்த்து, "உப்புக் காற்று ஒரு கத்திமேல் மட்டும்தான் அடிக்குமா உங்கள் ஊரில்?" என்று கேட்டார். பிறகு எர்த் ராடின் படத்தைக் கேட்டு வாங்கி, அந்தக் கலையாத பொட்டை நெடுநேரம் பார்த்தார்.

அறிக்கையில் வேண்டிய வாக்கியம் வந்தது. 'இறந்தவர் சுவிட்சைத் திறந்துவிட்டே ஏறியுள்ளார். அவர் மீது தவறில்லை.' அஞ்சலை டீச்சர் அதன் நகலைக் கையில் வாங்கி, வாசலில் நின்று, வகுப்பில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி உரக்கப் படித்தார். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

கவிழ்த்த கூடை

அதன் பிறகு நான் ஒரு விதியை எழுதி மேலே அனுப்பினேன். மின்விபத்து நடந்தாலும், காரணம் தெரியாமல் பெரிய அளவில் மின்சாரம் தடைப்பட்டாலும், சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும் மின்சாரம் கொடுப்பவர்கள் அகற்றவோ, கழுவவோ, தேய்க்கவோ, பெயின்ட் அடிக்கவோ, பூஜை செய்யவோ கூடாது. அவசரத்துக்கு அகற்றியே ஆக வேண்டுமானால் முதலில் படம் எடுக்க வேண்டும். எடுத்ததை அவர்கள் கையில் இல்லாத வேறோர் இடத்தில் வைக்க வேண்டும்.

பதில் வந்தது. 'பூஜை' என்ற சொல் மனம் புண்படுத்தக்கூடும் என்பதால் நீக்கும்படி கேட்டிருந்தார்கள். நீக்கினேன். மற்றவை பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பரிசீலனைக்கு ஓய்வு வயது கிடையாது.

அண்மையில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் கடலூருக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது கடல் பக்கம் ஊர்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட ஆரம்பித்திருந்தன. நடுவில் ஓர் இடம் மட்டும் இருட்டாகக் கிடந்தது. வரிசையில் ஒரு பல் விழுந்தது போல.

"அங்க கரண்ட் இல்ல போல" என்றார் கண்டக்டர்.

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "இல்ல மச்சான், வேணாம்னுட்டாங்களாம். கம்பி அறுந்து வுழுந்து ஒரு பொம்பள மிதிச்சிட்டா. ஆபீசரு வந்து பாக்குற வரைக்கும் கூடையக் கவுத்துட்டாங்க."

"எந்தக் கூடைய?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அப்புடித்தான் சொல்றது இப்பல்லாம்."

நடுத்திட்டு இல்லை அது. வேறு ஊர். ஜன்னல் பக்கம் சாய்ந்து, பஸ் திரும்பும் வரை அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலி. அடையாள அட்டையை ஓய்வு பெற்ற அன்றே ஒப்படைத்துவிட்டேன். அந்த இருட்டுக்குள், வருகிறவனிடம் அதைக் காட்டச் சொல்வதற்காக யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.